சுகுமாறனுக்கு ஒரு வருத்தமும் இல்லை

புக்கிட் பெலிம்பிங்கில் சுகுமாறனைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் எதற்காவது ஓர் ஆள் வேண்டும் என்றால் முதலில் அவர் பெயர் எவருடைய வாயிலும் வந்ததில்லை. பிறந்ததே இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவதாக. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் மாணவன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கெலிண்டான். அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்து, வண்டி பின்னால் போகும்போது மட்டும் குதித்து இறங்கி, "கோஸ்தான், கோஸ்தான்" என்று, பின்னால் வரச் சொல்லி, கத்தும் உத்தியோகம். திலகாவைப் பெண் பார்க்க வந்தவர்களிலும் அவர் இரண்டாவதுதான். முதலில் வந்தவன் காப்பியில் சீனி குறைவு என்று சொன்னதால் இவருக்குக் கல்யாணம் ஆனது.

பிறகு தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டு, எல்லோரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. கோயிலில் துணைத் தலைவர். பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் துணைத் தலைவர். குடியிருப்பாளர் சங்கத்திலும் அதே. மூன்றுக்கும் தலைவர் ரவீந்திரன், நகரத்தில் டயர்க் கடை வைத்திருப்பவர். விழா என்றால் தலைவருக்கு மாலை, துணைத் தலைவருக்குத் துண்டு. சுகுமாறன் வீட்டு அலமாரியில் இருபது வருடத்துத் துண்டுகள் இருந்தன. அந்த வீட்டில் தலை துவட்டுவதற்கு எவரும் கவலைப்பட்டதே இல்லை. தலைமையுரை ரவீந்திரனுக்கு, நன்றியுரை சுகுமாறனுக்கு. நன்றியுரை தொடங்கும் நேரத்தில்தான் சாப்பாட்டுப் பந்தி விரிப்பார்கள். ஆகவே நம் ஆள் இருபது வருடமாக மக்களின் முதுகுகளுக்கு மனமார்ந்த நன்றி சொல்லி வந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகம் அடித்தது.

கோலாலம்பூரிலிருந்து பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு ஒன்று சமூக மண்டபத்துக்கு வந்து இறங்கியது. ரத்தப் புற்றுநோய், பிளேட்லெட் நோய் என்று ரத்தத்தில் வரும் கோளாறுகளை ஆராய்கிறவர்கள். நோயாளிகள் அவர்களிடம் நிறைய இருந்தார்கள். இல்லாதது ஆரோக்கியமானவர்கள். நோயாளி ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டுமாம். ரத்தம் கொடுப்பவருக்கு மைலோ, பிஸ்கட், பல்கலைக்கழகச் சின்னம் போட்ட குடை. குடை என்றதும் புக்கிட் பெலிம்பிங் முழுக்க ஆரோக்கியமாகிவிட்டது.

குழுவின் தலைவி டாக்டர் வசந்தினி, ரத்த நோய் நிபுணர். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி என்னும் எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பம். கிராணி உத்தியோகம் போய்த் தலைமுறைகள் ஆகியும் வீட்டுத் தமிழை மட்டும் அவர்கள் விடவில்லை. டாக்டருக்கு அதில் பெருமை அதிகம். அந்தத் தமிழிலேயே வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் கேட்டார்:

"உங்களுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?"

அவர் வீட்டில் வருத்தம் என்றால் நோய். புக்கிட் பெலிம்பிங்கில் வருத்தம் என்றால் மனக்கஷ்டம். இது டாக்டருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

இனிப்புநீர் வியாதிக்காரர் வந்தார். "வருத்தமா? அதெல்லாம் ஒன்னும் இல்லைங்க டாக்டர்." நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் வந்தார். "சந்தோசமா இருக்கேன்மா, ஆண்டவன் புண்ணியத்துல." இப்படி ஊரின் அத்தனை வியாதிகளும் குடையோடு வெளியே போயின. கோப்பிக் கடைத் தங்கராஜு மட்டும்தான் மறைக்கத் தெரியாதவர்.

"வருத்தம் இருக்கு டாக்டர். மருமக."

"மருமகளோ? எவ்வளவு காலமா?"

"மூணு வருசமாச்சு."

"அவவிட்ட இருந்து தொத்தினதோ?"

"அவ என்ன செய்வா, பாவம். அவளுக்கு அவங்க அம்மாகிட்டருந்து வந்தது."

டாக்டர் 'பரம்பரை' என்று குறித்துக்கொண்டார்.

சுகுமாறன் முறை வந்தது. "ஒரு வருத்தமும் இல்ல டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பக்கத்தில் ரத்தம் எடுக்க உட்கார்ந்திருந்த நித்தியா, சுங்கை ஆயர் தாவார் ஊர்ப் பெண், ஆராய்ச்சி உதவியாளர், அவர் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "ஓகே அங்கிள், நீங்க எங்களுக்கு நார்மல் கன்ட்ரோல்."

"கன்ட்ரோலா?"

"ஆமா அங்கிள். யூ ஆர் அவர் கன்ட்ரோல்."

அதற்கு அர்த்தம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சாதாரண ஆள் என்பதுதான். சுகுமாறன் அப்போது செம்பனை ஆலையில் லோரிகளை வரிசையில் விடும் வேலையில் இருந்தார். கன்ட்ரோல் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து போய், நாற்காலிகளை நேராக்கி, வரிசையை இரண்டாகப் பிரித்தார். நேராக முன்னால் வந்து நின்ற ரவீந்திரனைக் கையை நீட்டித் தடுத்தார்.

"தலைவரே, பின்னால. இங்க கன்ட்ரோல் நான்தான்."

"யாருய்யா உனக்குக் குடுத்தது?"

"யூனிவர்சிட்டி."

ரவீந்திரன் ஊரில் முதன்முறையாக வரிசையின் கடைசிக்குப் போனார். அந்த ஒரு காட்சிக்காகவே இன்னும் ஒரு புட்டி ரத்தம் கொடுத்திருப்பார் சுகுமாறன்.

சில நாள் கழித்து அவர் தங்கராஜு கடையில் தே தாரேக் ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது நித்தியாவின் அழைப்பு வந்தது. பல்கலைக்கழகம் என்று தெரிந்ததும் கடை முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், உங்க பிளேட்லெட் ரொம்ப ஹையா இருக்கு. ஆயிரத்து நூறு. டாக்டர் உங்கள உடனே கே.எல். வரச் சொல்றாங்க."

கடையில் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிச் சுகுமாறனைப் பார்த்தார்கள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தப் பக்கம் டிங்கிக் காய்ச்சல் வராத வீடு இல்லை. டிங்கி வந்தால் ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கும், இறங்கினால் ஆபத்து. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிளேட்லெட் கணக்கைப் பரீட்சை மார்க் மாதிரி சொல்வார்கள். "அவனுக்கு முப்பதுக்கு வந்துருச்சாம்." "அந்தப் புள்ளைக்குப் பதினெட்டு, பாவம்." "நண்டு சூப் குடுத்து எம்பதுக்கு ஏத்திட்டாங்க." இறங்கினால் அழுகை, ஏறினால் தேங்காய் உடைப்பு. எவ்வளவு வரைக்கும் ஏறலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

"ஆயிரத்து நூறா!" என்றார் தங்கராஜு. "என்னண்ணே, ஆயிரத்தையே தாண்டிட்டீங்க!"

"தலைவருக்கு எவ்வளவும்மா?" என்று போனில் கேட்டார் சுகுமாறன்.

"அது சொல்லக் கூடாது அங்கிள்."

அடுத்த மேசையில் இருந்த ரவீந்திரன் தொண்டையைக் கனைத்தார். "எனக்குப் போனே வரலையே."

"வராது தலைவரே" என்றார் சுகுமாறன் இரக்கத்தோடு. "ஒன்னும் இல்லாதவங்களுக்கு எதுக்குப் போன் போட்டுக் காச வேஸ்ட் பண்ணணும்?"

கோலாலம்பூர் கிளினிக்கில் அன்று நித்தியா இல்லை. டாக்டர் வசந்தினி முதலில் மலாயில்தான் தொடங்கினார். அப்போதே விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. சுகுமாறன் விடவில்லை.

"டாக்டர், நாம ரெண்டு பேரும் தமிழாளுங்க. தமிழ்லயே பேசுங்க. இதுல நமக்கு என்ன வெக்கம்?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருட வேலையில் ஒரு நோயாளி இப்படிக் கேட்டதில்லை.

"நல்லது. உங்கட ரத்தத்தில தட்டணு, பிளேட்லெட், கனக்கக் கூடிப்போய் இருக்கு. ஜாக் டூ எண்ட மரபணுவில ஒரு பிறழ்வு. இது நெடுங்கால வருத்தம்."

சுகுமாறன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்புடி டாக்டர் தெரிஞ்சிச்சு?"

"ரத்தத்திலயே தெரியுதே."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னது இல்ல. வீட்டுலகூட."

"அதுதான் இந்த வருத்தத்தின்ர குணம். வெளியில காட்டாது. உள்ளுக்குள்ள இருந்துகொண்டே இருக்கும்."

"சரியாச் சொன்னீங்க டாக்டர். இருவது வருசம். ஒவ்வொரு திருவிழாவுலயும். ரவீந்திரன் மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா..."

"ஆர் ரவீந்திரன்? உங்கட சகோதரமோ?"

"தலைவர்."

"அவருக்கும் இந்த வருத்தம் இருக்கோ?"

"அவருக்கு எதுக்கு டாக்டர் இருக்கு? மாலை பூரா அவருக்குத்தானே போவுது!"

டாக்டர் கணினியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். வெளியே நாற்காலிகள் நிறைந்து, மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். "பயப்பட வேண்டாம். குளிசை தாறன், ஒழுங்கா எடுக்க வேணும். இந்த வருத்தத்தை இப்பிடியே விட்டால் மூளையைத் தாக்கும்."

அதையும் சுகுமாறன் ஒத்துக்கொண்டார். மனக்குறை மூளைக்கு ஏறி, தோட்டத்தில் இரண்டு பேர் சட்டையைக் கிழித்துக்கொண்டு திரிந்ததை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் அவருக்குத்தான் இப்போது மனக்குறையே இல்லையே! நாற்பது மைல் சுற்றளவில் ஆயிரத்து நூறு வேறு யாருக்கு இருக்கிறது? வருத்தம் போன பிறகு வருத்தத்துக்கு எதற்கு மாத்திரை?

உண்மை நிலவரம் வேறு. எலும்புக்குள் இருக்கும் மச்சை, கட்டுப்பாடு இழந்து பிளேட்லெட்டை உற்பத்தி செய்து தள்ளிக்கொண்டிருந்தது. ரத்தப் புற்றுநோய்க் குடும்பத்தில் சாதுவான தம்பி என்று இந்த நோயைச் சொல்லலாம். மாத்திரை சாப்பிட்டால் பேரன் பேத்தி பார்த்து வாழலாம். சாப்பிடாவிட்டால் ஏதோ ஒரு நாள் ரத்தம் உறைந்து கட்டியாகி, மூளைக்கோ நெஞ்சுக்கோ போய் அடைத்துக்கொள்ளும். அந்த நாள் எது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. சுகுமாறன் அந்த மாத்திரைகளைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், பழைய காலண்டருக்குப் பின்னால் வைத்தார்.

"என்னங்க அது?" என்றார் திலகா.

"வருத்தத்துக்குக் குடுத்த மாத்திரை."

"இந்த வீட்டுல வருத்தப்படுற ஆளு நான்தான். எனக்குக் குடுங்க."

"ஒனக்கு ஜாக் இல்ல" என்றார் சுகுமாறன்.

ஜாக் விஷயம் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. "டயர் மாத்தும்போது லோரிக்கு ஜாக் வெக்கிறோமில்ல? அது மாதிரி என் ரத்தத்துல ரெண்டு ஜாக் இருக்காம். அதான் பிளேட்லெட்ட தூக்கிக்கிட்டே இருக்கு" என்று அவர் தங்கராஜு கடையில் விளக்கினார். டயர்க் கடைக்காரரான ரவீந்திரனே அதற்குத் தலையை ஆட்ட வேண்டியதாயிற்று.

சுகுமாறன் சாலையில் போனால் மரியாதை கூடிற்று. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து "மாமா கைய தலைல வெச்சுக்கோ, டிங்கி வராது" என்றார்கள். சாயங்காலத்தில் பாதம் இரண்டும் சிவந்து நெருப்பாக எரியும். வாளியில் ஐஸ் போட்டுக் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது பவர் இறங்குகிறது. தலைவலி வரும், கண்ணில் மின்மினி மாதிரிப் பொறி பறக்கும். அது பவர் ஏறுகிறது.

மழைக்காலம் வந்தது, கொசு வந்தது, ரவீந்திரனுக்கு டிங்கி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். பத்தொன்பது. அவர் மனைவி அழுதுகொண்டே சுகுமாறன் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, பிளேட்லெட் ஏத்த வேண்டி வரலாம்னு சொல்றாங்க. ஒங்ககிட்டதான் கொட்டிக் கெடக்குதே."

சுகுமாறன் எழுந்தார். உள்ளே போய், இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண்மணி கண்ணீரோடு தன்னைப் பார்த்த பார்வை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று அவருக்கு இருந்தது.

"எவ்வளவு வேணும்மா? ஐநூறு எடுத்துக்கட்டும். மிச்சம் எனக்குப் போதும்."

ரத்த வங்கியில் மலாய்க்காரத் தாதி ஒருத்தி இருந்தாள். அவளிடம் கோலாலம்பூர் கிளினிக் அட்டையைச் சுகுமாறன், வெற்றிலைத் தட்டு நீட்டுவதுபோல் நீட்டினார். அவள் படித்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"இனி பெஞ்ஞாகிட் டாரா, பாக்சிக்."

இது ரத்த நோய், ஐயா. அவ்வளவுதான் சொன்னாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டாள்.

சுகுமாறனுக்கு மலாய் நன்றாகத் தெரியும். லோரியில் பாதி வாழ்க்கை மலாயில்தான் ஓடியது. பெஞ்ஞாகிட் என்றால் மனக்கஷ்டம் என்று எந்த ஊரிலும் அர்த்தம் இல்லை. டாக்டரோடு பேசியது ஒவ்வொன்றாக அவர் மண்டைக்குள் திரும்பி ஓடியது. ஒவ்வொரு வருத்தத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நோய் என்று வைத்துப் பார்த்தார். மூளையைத் தாக்கும் என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

வெளியே ரவீந்திரன் மனைவி காத்திருந்தார். "எடுத்துக்கிட்டாங்களாண்ணே?"

"நம்ம பிளேட்லெட் ரொம்ப ஸ்ட்ராங்காம்மா" என்றார் சுகுமாறன். "தலைவர் ஒடம்பு தாங்காதாம்."

ரவீந்திரன் யாருடைய பிளேட்லெட்டும் இல்லாமலே தேறினார். ஆனால் எழுந்து நிற்கத் தெம்பில்லை, திருவிழாவோ நெருங்கிவிட்டது. கோயில் நிர்வாகம் கூடி, சுகுமாறனைத் தற்காலிகத் தலைவர் ஆக்கியது. மாலை உண்டு. தலைமையுரை உண்டு.

அன்று இரவு அவர் காலண்டருக்குப் பின்னால் கைவிட்டு மாத்திரையை எடுத்தார். பிறகு யோசித்தார். மாத்திரை சாப்பிடுவதை யாராவது பார்த்தால்? சீக்காளி என்று தெரிந்தால் தலைமையுரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அதோடு, மாத்திரை சாப்பிட்டால் ஆயிரத்து நூறு இறங்கும். இறங்கினால் பிறகு அவர் யார்? இவ்வளவு காலம் தாக்காத மூளையை இந்த ஒரு வாரத்திலா தாக்கப்போகிறது? திருவிழா முடியட்டும்.

"மாத்திர சாப்பிட்டீங்களா?" என்றார் திலகா பின்னாலிருந்து. அவருக்கு நோய் என்று தெரியாது. ஆனால் காலை ஐஸ் வாளியில் வைத்திருக்கும் மனுஷனுக்குச் சந்தோஷம் மட்டும் இருக்க முடியாது என்று தெரியும்.

"சாப்பிட்டேன்" என்றார் சுகுமாறன்.

திருவிழா அன்று கூட்டம் நல்ல கூட்டம். மாலை ரோஜா மாலை. கழுத்தில் விழுந்ததும் அதன் கனத்தில் சுகுமாறன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். ரவீந்திரன் முன்வரிசையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தி இன்னும் விரிக்கவில்லை. இருபது வருடத்தில் முதன்முறையாகச் சுகுமாறன் மக்களின் முகங்களைப் பார்த்துப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த ஆலயம் நம்ம முன்னோர்கள் ரத்தம் சிந்திக் கட்டின ஆலயம். இந்த ஆலயத்துக்கு... இந்த ஆல... ஆலை..."

நிறுத்தினார். கண்ணில் பொறி பறந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை எதிரிலேயே நிற்கிறது, ஆனால் நாக்கு அதைத் தொட மாட்டேன் என்கிறது.

"லோரி... ஆலய லோரி... கோஸ்தான்."

கூட்டம் விழித்தது. "கோஸ்தான்... கோஸ்தான்" என்றார் சுகுமாறன் மைக்கில், கலங்கிய கண்களோடு. முன்வரிசையில் நாலைந்து பேர் மரியாதையாக நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

"சாமி வந்துருச்சு!" என்று ஒரு பெண்குரல் எழும்பியது.

அவ்வளவுதான். உடுக்கை முழங்கியது. யாரோ கற்பூரத் தட்டோடு மேடைக்கு ஓடினார்கள். தங்கராஜு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பினார்.

"சாமி! மூணு வருசமா என்கிட்ட பேசாத மருமக எப்ப பேசுவா சாமி?"

"ரோ... ரோதா" என்றார் சுகுமாறன். ரோதா என்றால் சக்கரம்.

"சக்கரம் சுத்தி வரும்ங்கிறாரு! நல்ல வாக்கு!" என்று ஒருவர் பொருள் சொன்னார். இன்னொருவர் மகனுக்கு வேலைமாற்றம் கேட்டார். ஒருத்தி நான்கு எண் குலுக்கலுக்கு நம்பர் கேட்டாள். சுகுமாறனின் வலது கையிலிருந்து மைக் நழுவி விழுந்து, ஒலிபெருக்கி கீச்சிட்டது. அதையும் சாமி கணக்கில் எழுதிக்கொண்டு கூட்டம் அரோகரா போட்டது.

அவருக்கு மட்டும் உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஐயோ, மூளைக்கு வந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தார். அதைச் சொல்லவும் நாக்கு வரவில்லை. ஊரே அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, காப்பாற்ற ஓர் ஆள் இல்லை.

சமையல் பக்கமிருந்து திலகா வந்தார். சாம்பார்க் கரண்டி கையிலேயே இருந்தது. புருஷனின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"நவுருங்க!"

"அக்கா, சாமி நிக்கிது..."

"இந்த மனுசன்கூட முப்பது வருசம் இருந்துட்டேன், சாமி எது, சீக்கு எதுன்னு எனக்குத் தெரியாதா? கற்பூரத்த அணைங்கடா! வண்டி யார்கிட்ட இருக்கு?"

கார்ச் சாவியை முதலில் எடுத்து நீட்டியவர் ரவீந்திரன். நிற்கத் தெம்பில்லாதவர் போர்வையை உதறிவிட்டுத் தானே ஓட்டவும் உட்கார்ந்தார். பின்னிருக்கையில் திலகாவின் மடியில் மாலையோடு சாய்ந்து கிடந்தார் தற்காலிகத் தலைவர்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மறுநாள் கையும் வாயும் பழையபடி ஆயின. இது எச்சரிக்கை, அடுத்தது இப்படித் திரும்பிப் போகாது என்று அங்கிருந்த டாக்டர் மலாயில் சொல்லி, கோலாலம்பூருக்கு அனுப்பினார்.

இந்த முறை நித்தியா இருந்தாள். திலகாவும் இருந்தார். டாக்டர் வசந்தினி கவலையோடு கேட்டார்: "வருத்தத்துக்குத் தந்த குளிசையை ஏன் எடுக்கேல்லை?"

"எனக்குத்தான் வருத்தம் தீந்து போச்சே டாக்டர், அதான்..."

நித்தியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள். "அங்கிள், டாக்டர் வருத்தம்னு சொல்றது நோய். குளிசைன்னா மாத்திரை. டாக்டர், அங்கிள் வருத்தம்னு நெனச்சது... மனசு கஷ்டம்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். முதலில் சுகுமாறனை நினைத்து அதிர்ந்தார். அடுத்த கணம் சமூக மண்டபத்து வரிசை முழுவதும் அவர் கண்முன் வந்தது. வருத்தமே இல்லாத ஊர் என்று குறித்து, அத்தனை பேர் ரத்தத்தையும் ஆரோக்கியமான ரத்தம் என்று ஆராய்ச்சியில் சேர்த்தாகிவிட்டது.

"நித்தியா, புக்கிட் பெலிம்பிங் ஆக்கள் முழுப்பேரையும் திரும்பக் கேக்க வேணும்."

"எஸ் டாக்டர். அந்தக் கோப்பிக் கடை அங்கிளோட பரம்பரை மருமகளையும் எடுத்துடவா?"

சுகுமாறன் அதைக் கவனிக்கவில்லை. "மாத்திர சாப்பிட்டா எவ்வளவுக்கு வரும் டாக்டர்?"

"நானூறுக்குக் கீழ கொண்டு வரலாம். சாதாரண ஆக்கள் மாதிரி."

சாதாரண ஆட்கள் மாதிரி. அவர் கொஞ்ச நேரம் தன் வலது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் அந்த முகங்களுக்கு நடுவில் நின்றபோது இந்தக் கை தன்னுடையது இல்லை என்று ஆனதே, அது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் திலகா குவளையில் தண்ணீரோடு காத்திருந்தார். சுகுமாறன் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். திலகா, "ஆ காட்டுங்க" என்றார். நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்த பிறகுதான் குவளையை வாங்கிக்கொண்டார்.

எண் இறங்கிற்று. தொள்ளாயிரம், எழுநூறு என்று ஒவ்வொரு முறையும் கிளினிக்கில் சொல்லும்போது திலகா முருகனுக்கு நன்றி சொல்வார். சுகுமாறன் ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். கடைசியில் ஒரு நாள் தங்கராஜு கடையில் அவரே சொன்னார்: "முன்னூத்தி எம்பது."

கடை திடுக்கிட்டது. ஆயிரத்து நூறில் இருந்த மனிதர்!

"என்னண்ணே, இப்புடிக் கொறஞ்சு போச்சே!"

"இதான்லா நல்லது. டாக்டரு சொன்னாங்க."

"டாக்டருங்க அப்புடித்தான் சொல்வாங்க, நீங்க மனசு ஒடஞ்சு போவக் கூடாதுன்னு." தங்கராஜுவின் கண் கலங்கியது. "விட்டுருவமா? நாங்க இருக்கோம்ணே."

சாயங்காலம் வாசலில் ஒரு போத்தல் இருந்தது. பப்பாளி இலைச் சாறு, பிளேட்லெட் ஏறுவதற்கு. ரவீந்திரன் வீட்டு மரத்து இலையாம்; தலைவரே ஏணி போட்டு ஏறிப் பறித்தாராம்; தங்கராஜுவின் மருமகள் அரைத்தாளாம், அதுவும் மாமனாரிடம் "எத்தன இலை போடணும்?" என்று வாய் திறந்து கேட்டு. சுகுமாறன் பச்சைச் சாற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவருக்காக ஒருவர் ஏணி ஏறியது இதுதான் முதல் தடவை.

"குடிச்சீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார் திலகா.

"ஒங்கம்மா செத்துப் பத்து வருசமாச்சு."

"அந்த வீட்டுக்குத்தான் சொல்றேன்."

சுகுமாறன் பின்கட்டுக்குப் போய்ச் சாற்றைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். தண்ணீரில் மாத்திரையை விழுங்கினார். போத்தலை நன்றாகக் கழுவித் துடைத்து, தங்கராஜு வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார்.

"எப்புடிண்ணே இருந்துச்சு?"

"கசப்பு கொஞ்சம் கூட. ஆனா ஒடம்புல ஒரு தெம்பு தெரியுது லா" என்றார்.

மறுநாள் இரண்டு போத்தல் வந்தன.